‘ஒன்றாக்கு’ கருவிக்கு மூன்று குறிப்புகள்

“பதினோரு பேரை ஒரே ஆளாக்கி வெச்சிருக்கும்மா உங்க ஏஜென்ட்!” என்றார் முதலாளி அப்துல் ஜலீல். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது விண்ணரசிக்கு.

திருவாரூரில் அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் அலுவலகம் அது. சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்தது. விவசாயிகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் படித்து, வாடிக்கையாளர் மென்பொருளில் பதிந்து, வயலுக்கு மெஷின் அனுப்புவதை இனி ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. ‘பதிவு செய்’, ‘ஒன்றாக்கு’, ‘மெஷின் அனுப்பு’ என்று அதன் கையில் சில கருவிகள். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதித் தருவது விண்ணரசியின் வேலை. தற்காலிக வேலைதான்.

‘ஒன்றாக்கு’ கருவிக்கு அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘ஒரே போன் நம்பரில் பல பெயர் இருந்தால் ஒரே ஆளாக்கு.’

“ரோட்டோர வயல்ல இறங்குனாத்தானே மெஷின் உள்வயலுக்குப் போவும்? அதனால வரிசையில இருக்கற அத்தனை பேரும் ரோட்டோரத்து ஆண்டனி நம்பரைத்தான் தருவாங்க. ஆண்டனி வயல மட்டும் அறுத்துட்டு மெஷின் திரும்பிருச்சு. மத்த பத்துப் பேரும் வரப்புல நிக்கிறாங்க.”

“மாத்தி எழுதிடுறேன் சார்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். மழை வேற வரும்ங்கறாங்க. அதுக்குள்ள சரியாவலைன்னா, அந்த ஏஜென்ட்டும் வேணாம், நீங்களும் வேணாம்.”

விண்ணரசி சென்னையில் மூன்று வருடம் ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தாள். மறுபடி பெட்டி கட்டுவதை நினைத்தாலே அழுகை வந்தது.

‘பெயர் வேறு என்றால் ஆளும் வேறு’ என்று மாற்றி எழுதினாள்.

பக்கத்து அறையிலிருந்து குணசேகரன் எட்டிப் பார்த்தார். இருபது வருடமாக புக்கிங் எடுத்தவர். இந்த வாரம் அவரை ஒரு கம்ப்யூட்டரோடு தனியே உட்காரவைத்துவிட்டார்கள். ஐயோ பாவம், இந்த மனுஷர் பிழைப்பிலல்லவா மண்ணைப் போடுகிறோம் என்று விண்ணரசிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சம்.

“குறிப்பு மாத்தியாச்சாம்மா?”

“ஆச்சு அண்ணே.”

புதன்கிழமை காலை, ஏற்கெனவே அறுத்து முடித்த ஆண்டனி வயலுக்கு மூன்று மெஷின்கள் வந்து சேர்ந்தன. பழைய பதிவுகளில் அவர் எஸ்.ஆண்டனி, ஆண்டனிசாமி, மெயின்ரோடு ஆண்டனி என்று மூன்று பேராக இருந்தார்; புதுக் குறிப்புப்படி ஆளுக்கொரு மெஷின். இருக்கிற மெஷினே மூன்றுதான். மூன்றும் ஒற்றை வழியில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ள, வெளியே எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

விண்ணரசி பதறிப்போய் இன்னொரு வரி சேர்த்தாள்: ‘சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரையே கேள்.’

வியாழக்கிழமை ஆண்டனியே போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“‘நீங்கள் வள்ளியம்மையா?’ன்னு கேக்குது. இல்லைன்னேன். ‘நல்லக்கண்ணுவா?’ன்னுச்சு. இல்லைன்னேன். பத்துப் பேரு பேரையும் கேட்டு முடிச்சுட்டு, ‘அப்படியானால் நீங்கள் யார்?’ங்குது. யம்மா, எனக்கே சந்தேகம் வந்துருச்சு!”

விண்ணரசி அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். யார் வயல் எங்கே, எதன் வழியாக எதற்குப் போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, இன்றைக்குத்தான் வேலைக்கு வந்த வெளியூர்க்காரருக்குச் சொல்வதுபோல நிதானமாக எழுதினாள்.

‘இந்தப் பக்கம் ரோட்டோர வயல்காரர் நம்பரையே எல்லோரும் தருவார்கள். எனவே நம்பரைக் கொண்டு ஆளை முடிவு செய்யாதே. பெயரைக் கொண்டும் வேண்டாம். வயலின் சர்வே நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் ஒன்றாக்கு. உதாரணம்: எஸ்.ஆண்டனி, மெயின்ரோடு ஆண்டனி இருவருக்கும் ஒரே வயல்; ஒரே ஆள். வள்ளியம்மைக்கு வேறு வயல், வேறு ஆள். அப்படியும் புரியாவிட்டால் எதையும் தொடாமல் அலுவலகத்தைக் கேள்.’

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆண்டனி வயல் வழியாக மெஷின்கள் வரிசையாக உள்ளே இறங்கின. பத்து வயலும் அறுபட்டன. வள்ளியம்மையின் கடைசி மூட்டை வண்டியில் ஏறி, தார்ப்பாய் கட்டிய பிறகுதான் மழை பிடித்தது.

தொழுகை முடிந்து வந்த அப்துல் ஜலீல், “வேலை நிரந்தரம்மா. அருமையா எழுதியிருக்கீங்க” என்றார். விண்ணரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தபோது அதுவே அடித்தது. மென்பொருள் கம்பெனியிலிருந்து சான்ட்ரா என்ற பெண்.

“சாரி மேடம், எங்க பக்கம்தான் லேட்டு. உங்க ஏஐ ஏஜென்ட் வர்ற திங்கட்கிழமைதான் ஆன் ஆகும்.”

“என்னங்க சொல்றீங்க? அப்ப இந்த வாரம் பூரா இங்க வேலை பாத்தது யாரு?”

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? விண்ணரசி போனை வைக்காமலே பக்கத்து அறைக்கு ஓடினாள். அவள் எழுதிய குறிப்புகளை அச்செடுத்து மேசையில் பரப்பி வைத்திருந்த குணசேகரன் மெல்ல எழுந்து நின்றார்.

“அந்தப் பதினோரு பேரையும் எனக்கு இருபது வருஷமாத் தெரியும்மா, ஆனா உங்க குறிப்பு தேறுமான்னு பாக்க, ஏஜென்ட் வர்ற வரைக்கும் அது இடத்துல உக்காந்து நீங்க எழுதுனத மட்டும்தான் செய்யணும், சொந்த புத்தியப் போடவே கூடாதுன்னு முதலாளி கண்டிஷனாச் சொல்லிட்டாரு.”