செத்த கிராஸின் கடைசிச் சத்தம்

பெங்களூரில் செத்துப்போன எந்த லாரிச் சாமானும் போஸ்ட்மார்ட்டத்திடம் உண்மையை மறைத்துத் தப்பியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கிரைம் நிருபராக, பொம்மனஹள்ளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் மாடியில் குடியிருந்தேன். கீழே இருந்த மெக்கானிக்கைத் தெருவே ‘போஸ்ட்மார்ட்டம்’ என்றுதான் கூப்பிட்டது. உடைந்த சாமான்களை பெஞ்சில் படுக்கவைத்து வெள்ளைத் துணியால் மூடுவார். செத்த காரணம் தெரியாமல் புதுசு மாட்டமாட்டார். ஒருமுறை தேய்ந்த பிரேக் ஷூவைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். “பாடி மேல கால் வெக்காதீங்க சார்” என்றார்.

ஒரு நாள் லாரி முதலாளி கௌடா, டிரைவர் முருகேசனோடு வந்தார். இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனையில், கூட்டல் குறி வடிவ இணைப்பான கிராஸ் உடைந்திருந்தது. மூன்று மாதத்தில் மூன்றாவது. முந்தைய இரண்டையும் வேறு கடைகளில் மாற்றியிருந்தார்கள்.

“இவன் கிளட்ச்ச டப்புனு விடறான் மேஸ்திரி. நாலாவதும் போச்சுன்னா ஊருக்கு பஸ் ஏத்திடுவேன். ஆயுத பூஜைக்கு ஷாஃப்டக்கூட இறக்கி என் கையால பெயிண்ட் அடிச்சு மாட்டின வண்டி இது.”

முருகேசன் போன வாரம்தான் தர்மபுரியிலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தான்.

போஸ்ட்மார்ட்டம் துணியை விலக்கினார். “சாகறதுக்கு முன்னாடி என்ன சத்தம் போட்டுச்சு?”

“ஙொய்ங்குனு அழுதுச்சுண்ணே.”

“எந்த ஸ்பீடுல?”

“நாப்பதுல ஙொய். அம்பதுல ஙொய்ய்ய்ங்.”

“அறுபது போ.”

முருகேசன் அறுபது போனான். எதிர் டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து வழிவிட்டார்கள்.

“கிளட்ச்ச அடிச்சிருந்தா கிராஸோட கை முறிஞ்சிருக்கும். கை நல்லாருக்கு. உள்ள ஊசி பேரிங்தான் பொடிப்பொடி. இது கொலை இல்ல, நாள்பட்ட சீக்கு.”

லாரிக்கடியில் நுழைந்தார். உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்டது. “பேப்பர்கார சார், சாட்சிக்கு வாங்க.”

குனிந்து பார்த்தேன். ஷாஃப்டின் இரண்டு துண்டிலும் ஆளுக்கொரு அம்புக்குறி. நேருக்கு நேர் நிற்கவேண்டியவை, பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வேறு வேறு பக்கம் பார்த்தன. அதுவரை மேலே வெள்ளி பெயிண்ட் மூடியிருந்தது. குறி தெரியாமல், துண்டுகள் கோர்க்கும் பல்லை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஓட ஓட ஷாஃப்ட் உதறி, கிராஸைத் தின்றிருக்கிறது.

கௌடா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

எவருக்கும் சலுகை காட்டாத போஸ்ட்மார்ட்டம் அன்று மட்டும் அறிக்கையைத் திருத்தினார். “குத்தவாளி பெயிண்ட்டு. ஆளுங்க யாருமில்ல.”

கௌடா செருமினார். “முருகேசா, நாளைக்கு ஓசூர் லோடு. காலைல பேகனே, சீக்கிரமே வந்துடு.”

அடுத்த ஆயுத பூஜையில் முருகேசன் இரண்டு அம்புக்கும் சந்தனப் பொட்டு வைத்தான். மிச்சத்தைப் போஸ்ட்மார்ட்டத்தின் நெற்றியில் அப்பினான். சாயங்காலம் வரை அவர் முகம் கழுவவில்லை. நானும் மாடிக்குப் போகாமல், அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தேன்.