எண்பத்தேழு ஆபத்துகள்

சிங்கத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு கடல் கிடந்தவரை நான் தைரியசாலியாகத்தான் இருந்தேன்.

அந்தக் கடலைத் தாண்டலாம் என்று என் மனைவி சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, ஆப்பிரிக்கா போகலாம்னு இருக்கேன்.”

“யாரு?”

“நாமதான். அடுத்த மாசக் கடைசியில. பத்து நாள். காட்டுக்குள்ளேயே தங்கலாமாம். சிங்கத்தைப் பக்கத்துல பாக்கலாமாம்.”

“எவ்வளவு பக்கத்துல?”

“அது கொட்டாவி விட்டா பல்லை எண்ணலாமாம்.”

வாயில் இருந்த பற்பசை முழுவதையும் விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு வேறு எதுவும் அவ்வளவு சுலபமாகத் தொண்டையில் இறங்கவில்லை.

குற்றம் என்னுடையதுதான். கல்யாணமான புதிதில், “நான் ரிட்டயர் ஆனதும் உன்னை ஆப்பிரிக்கா கூட்டிட்டுப் போய் சிங்கம் காட்டுறேன்” என்று சொன்னவன் நான். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. ரிட்டயர்மெண்ட் ஆப்பிரிக்காவைவிடத் தூரத்தில் இருந்தது. தூரத்தில் இருக்கும் எதையும் வாரிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிற வயது. அது நடந்து நடந்து ஒருநாள் வாசலில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். முப்பத்திரண்டு வருஷம். மாவு பிசையும் இயந்திரத்தில் யாருடைய விரலும் போகாமல், அடுக்கி வைத்த சர்க்கரை மூட்டை யார் தலையிலும் சரியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கண்டிப்பானவர், கவனமானவர் என்று பெயர். உண்மை வேறு. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. உலகத்தில் பயத்துக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே வேலையைத் தேடிப் பிடித்து அதில் போய் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். தெருவில் பூனை எதிரே வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். அது கடந்து போகும்வரை நிமிர மாட்டேன். என் முதுகுவலிக்கு அந்தத் தெருப் பூனைகள்தான் காரணம்.

இது என் மனைவிக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நம்பியிருந்தேன்.

அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. இருபத்தாறு வருஷம் காகிதத் தட்டில் ஓட்டை போட்டு, மஞ்சள் நூல் ஒட்டி, சிங்க முகமூடி செய்து, மூக்கு ஒழுகும் சிங்கங்களை வரிசையாக நிறுத்தி உறுமக் கற்றுக்கொடுத்தவள். நிஜச் சிங்கத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கூண்டில் இருப்பதைப் பார்க்க மாட்டாள். “கூண்டுல இருக்கறதைப் பாத்தா அது என்னைப் பாக்கற மாதிரி இருக்கு” என்பாள். இப்போது அவளுக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு வருஷம் சமாளிக்கலாம், பிறகு ஆபரேஷன்தான், அதற்கப்புறம் குலுங்குகிற பயணத்தையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார்.

இந்த வருஷம் இல்லையென்றால் எந்த வருஷமும் இல்லை. அதனால் “வேண்டாம்” என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கு நுனிவரை வரும், அவள் படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்குவதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும்.

ஆகவே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். நான் சொல்லக் கூடாது. அவளே சொல்ல வேண்டும். அவளே பயந்து, அவளே வேண்டாமென்று, நான் பெருமூச்சு விட்டு, “எனக்கென்னவோ ஆசையாத்தான் இருந்துச்சு. உனக்காக விட்டுக்குடுக்கறேன்” என்று சொல்ல வேண்டும். வசனம்கூடத் தயாராக இருந்தது.

மறுநாள் மாலை அவளே வந்து மாட்டினாள்.

“ஏங்க, எதிர்வீட்டு வங்கியம்மா கேட்டாங்க, அங்கே ஆபத்து ஒண்ணும் இல்லையான்னு.”

வங்கியம்மா என்பவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் இந்தப் பயணத்தில் சேருவதாக இருந்தார்.

“நீ என்ன சொன்னே?”

“எனக்கு என்ன தெரியும்? நீங்கதானே இதுக்குன்னே படிச்சவர். என்னென்ன ஆபத்துன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன். எனக்கே இப்போ லேசா உதறுது.”

உதறுது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

“கண்டிப்பா எழுதறேன். ஆனா ஒண்ணு, உள்ளதை உள்ளபடி எழுதுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“சேச்சே. உங்களைப் போய்.”

சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்தேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். பழக்க தோஷம், மூன்று கட்டம் விழுந்தது. முதல் கட்டத்தில் ஆபத்து. இரண்டாவதில் விளைவு. மூன்றாவதில் தடுக்கும் வழி.

எண் ஒன்று: சிங்கம். எண் இரண்டு: பெண் சிங்கம். இரண்டும் வேறு வேறு ஆபத்து என்பதைக் கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண் மூன்று: சிங்கக் குட்டி. பார்க்க அழகாக இருக்கும். அதன் அம்மா பக்கத்தில்தான் இருப்பாள். பிறகு யானை, நீர்யானை, முதலை, பாம்பு, பாம்பு மாதிரி கிடக்கும் கயிறு, கயிறு மாதிரி கிடக்கும் பாம்பு. மூக்குக்கண்ணாடியைப் பறிக்கும் குரங்கு. கூடாரத்தின் ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளுதல். கூட்டத்தில் யாருக்காவது நடுக்காட்டில் அவசரமாக ஒதுங்க வேண்டி வருதல்.

படம் எதையும் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. கண்ணை மூடினாலே போதும், வரிசையில் வந்தன. நல்ல பகல் வெளிச்சத்தில், என் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவனுக்கு உள்ளங்கால் வேர்த்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் அடிவயிற்றிலிருந்து உறுமியது. எத்தனையோ வருஷமாக எங்களோடு இருக்கிற ஃபிரிட்ஜ். அன்றைக்குத்தான் அது என்னை எடைபோடுவதுபோல் இருந்தது. ஜன்னல் திரை காற்றில் அசைந்தபோது பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். அதை எடுக்க மேஜைக்கு அடியில் குனிய வேண்டும். அடியில் இருட்டு. வேறு பேனா எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தேழு ஆபத்துகள். எண்பத்தேழு விளைவுகள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதுதான் திட்டம். படிக்கிறவர் பயந்து சாக வேண்டும் என்றால் மூன்றாவது கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். காலிக் கட்டம், கீழே கீழே எண்பத்தேழு. என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் என் கீழே வேலை பார்த்தவர்களிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: காலிக் கட்டம் என்பது யாரோ ஒருவருடைய விரல். அதைக் காலியாக விட்டவனோடு அன்று முழுக்கப் பேச மாட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் நிரப்புவோம் என்று உட்கார்ந்தேன். குரங்கு: மூக்குக்கண்ணாடிக்குக் கழுத்துக் கயிறு. அழகாக இருந்தது. ஜிப்: மெழுகுவர்த்தி தேய்க்கவும். அவசரம்: வழிகாட்டியிடம் முதலில் சொல்லவும், இருவராகப் போகவும், இருவரிடமும் விசில் இருக்கவும். கை அதுபாட்டுக்கு எழுதியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

அவள் படித்தாள். முகம் வெளுத்தது, அல்லது ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பினாள்.

“அய்யோ, முதலை கரையில மரக்கட்டை மாதிரி கிடக்குமா?”

“கிடக்கும்.”

“நான் அது மேல உக்காந்துட்டா?”

“அதான் எழுதியிருக்கேனே, விளைவுல.”

“ஆனா பக்கத்துலயே, ‘தண்ணீரிலிருந்து இருபது அடி தள்ளி நிற்கவும்’னு போட்டிருக்கீங்க?”

“அதெல்லாம் சும்மா ஒரு ஒழுங்குக்கு எழுதினது. நீ மொதல் ரெண்டு கட்டத்தை மட்டும் படி.”

“சரிங்க. வங்கியம்மாவுக்கும் இதைக் காட்டட்டுமா?”

“தாராளமா காட்டு. உரக்கப் படிச்சுக் காட்டு.”

அடுத்த மூன்று வாரம் வீட்டில் பயம் நடமாடியது. அவளுடைய பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேச்சைப் பாதியில் நிறுத்துவாள். திடீரென்று, “ஏங்க, யானை காதை விரிச்சா கோபம்னு அர்த்தமா?” என்பாள். நான் கூடுதலாக இரண்டு வரி சொல்வேன். சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் குளியலறை மூலையில் கிடந்த பழைய பிரஷ் முள்ளம்பன்றியாயிற்று. பக்கத்து மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தால் உதடு உலர்ந்தது. பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் என்று பல்லைக் கடித்தேன். அவள் வாயைத் திறந்து “வேண்டாம்” என்று சொல்லும் நாளுக்காக என் பெருமூச்சைத் தயாராக வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

“வங்கியம்மா வீட்டுல, பயணத்துக்குப் பேர் குடுத்தவங்க எல்லாரும் கூடிப் பேசறாங்க. உங்க பட்டியல்ல சந்தேகம் கேக்கணுமாம். வந்துட்டுப் போயிடுங்களேன்.”

கைவிடத்தான் கூடுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வங்கியம்மா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அறுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் என் பட்டியலின் நகல். ஒவ்வொருவர் மூக்குக்கண்ணாடியிலும் கயிறு. ஒவ்வொருவர் கழுத்திலும் விசில்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“வாங்க சார், உக்காருங்க” என்று எழுந்தார் எஞ்சின் அண்ணன். முப்பது வருஷம் ரயில் ஓட்டியவர், குரலும் அப்படியே. “உண்மையைச் சொல்றேன். நாங்க எல்லாரும் பயந்து பின்வாங்கிட்டோம். பத்துப் பேர் சேந்தாத்தான் பயணமே உண்டுன்னு டூர் கம்பெனியில சொல்லிட்டாங்க. ஆளில்லாம அப்படியே நின்னுபோயிடும்னு இருந்தோம். அப்பதான் உங்க வீட்டம்மா இதைக் கொண்டுவந்து குடுத்தாங்க.”

“நான் எழுதினது ஆபத்துகளை அண்ணே. எண்பத்தேழு.”

“அதான் சார். எண்பத்தேழுக்கும் வழி எழுதியிருக்கீங்களே. மூணாவது கட்டத்தைப் படிச்ச பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.”

“ஒரு கட்டம்கூடக் காலியா இல்லை” என்றார் வங்கியம்மா. “நேத்து எல்லாருமா கையெழுத்துப் போட்டாச்சு. டிக்கெட்டும் வந்தாச்சு.”

“ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டோம்” என்றார் எஞ்சின் அண்ணன். “ரெண்டு வண்டி போகும். முதல் வண்டியில, முன் சீட்டுல, நீங்க உக்காரணும்.”

“என் முறை என்னன்னா... எப்பவுமே பின்னாலிருந்து கண்காணிக்கறதுதான். வீட்டுல இருந்தபடியே ஃபோன்ல...”

எல்லாரும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். யாரோ ஒருவர் சிரித்த மூச்சில் விசில்கூட ஊதிவிட்டார். என் மனைவி மட்டும் சிரிக்காமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவைத் திறக்கச் சாவியை எடுத்தேன். சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. அவள் வாங்கித் திறந்தாள். உள்ளே போய் நின்றேன். முப்பத்தொரு வருஷம் மூடி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

“எனக்கு பயமா இருக்கு.”

“தெரியும்.”

“இந்தப் பயணத்துக்கு மட்டும் இல்லை. எல்லாத்துக்கும்.”

“அதுவும் தெரியும்.”

“எப்போலேருந்து?”

“கல்யாணமாகி மூணாம் நாள். சமையலறையில பல்லி வந்ததுன்னு ஸ்டூல் மேல ஏறி உக்காந்து ஒரு மணி நேரம் பேப்பர் படிச்சீங்களே. பேப்பரைத் தலைகீழா வச்சிருந்தீங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“தெரிஞ்சுமா என்னை முன் சீட்டுல உக்கார வைக்கறே?”

“பயப்படாத ஆளை நம்பிக் காட்டுக்குள்ள போக எனக்கென்ன பைத்தியமா? எண்பத்தேழு யோசிக்கற ஆள்தான் வேணும்.” அவள் எதிரில் உட்கார்ந்து காலை மெதுவாக நீட்டினாள். “பத்துப் பேரைச் சேக்கணும்னா உங்க பயம் எழுத்துல வேணும். சும்மா கேட்டா எழுதுவீங்களா? அதான் உதறுதுன்னு சொன்னேன்.”

“உனக்கு உதறலையா?”

“உதறினா நின்னுடலாமே. இந்தக் கால்தான் நிக்க விட மாட்டேங்குது. இந்த வருஷமும் போகலைன்னா, நான் காகிதத் தட்டுச் சிங்கத்தோடயே போய்ச் சேந்துடுவேன்.”

அதை அவள் பெரிதாகச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக மழை வருமா என்று பார்ப்பவள்போல் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த முழங்காலைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதென்று ஒரு மாதமாக நான் தள்ளித் தள்ளி வைத்திருந்த முழங்கால். என் பயம் போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து, வேறொன்றுக்கு இடம் கொடுத்தது.

“சரி” என்றேன். “முதல் வண்டி. முன் சீட்டு. வர்றேன்.”

“நெசமாவா?”

“நெசமாதான். ஆனா நான் கண்ணாடியை முழுக்க ஏத்தி விட்டுக்குவேன். கதவை உள்பக்கமா பூட்டிக்குவேன். யார் சொன்னாலும் திறக்க மாட்டேன்.”

அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“எந்தக் கதவைங்க?”

“வண்டிக் கதவை.”

“அந்த வண்டிக்குக் கதவு கிடையாதுங்க. கண்ணாடியும் கிடையாது. எல்லாப் பக்கமும் திறந்ததுதான். எண்பத்தேழு எழுதின மனுஷன் அதை ஒரு ஆபத்தாவே நினைக்கலையேன்னு ஆச்சரியப்பட்டுத்தான் எஞ்சின் அண்ணன் முன் சீட்டை உங்களுக்குக் குடுத்தாரு. நான் நடுவுல வாயைத் திறக்கலை.”