கறார்த் தாத்தாவின் காலுறைப் பந்து

தாத்தாக்களில் பல வகை உண்டு. கதை அளக்கும் தாத்தா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடும் தாத்தா, அம்மாவுக்குத் தெரியாமல் மிட்டாய் தரும் தாத்தா. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது கறார்த் தாத்தாவை. பேரப்பிள்ளைகளோடு விளையாடுவதென்றால் இவருக்கு உயிர். ஆனால் எதையும் முறைப்படி விளையாட வேண்டும். வம்பே அங்கேதான்.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? மழை பிடித்துக்கொண்டு, வெளியே போக முடியாத பிள்ளைகள் சோபாவைத் துவம்சம் செய்யும் நேரமாகப் பார்த்து, "காசு செலவழிச்சாத்தான் விளையாட்டா? வீட்டுல கிடக்கிற சாமானை வச்சே ஆயிரம் ஆட்டம் ஆடலாம், வாங்க!" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்புவார். பிள்ளைகளும், ஐயோ பாவம், நம்பி ஓடிவரும். அதற்கப்புறம் அங்கே ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் நடக்கும்.

நாம் பார்க்கப்போகும் கறார்த் தாத்தா, எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறித் தராசைத் தட்டிப் பார்த்து, கடைக்காரர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தவர். வேலை போனாலும் கை சும்மா இருக்குமா? மகள் வயிற்றுப் பேத்தியும் பேரனும் வந்திருந்தார்கள். அடுத்து வரும் பெரிய லீவுக்கு எந்தத் தாத்தா வீடு என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும் என்று மகள் கைகழுவிவிட்டாள். போன தடவை அவர்கள் சொன்னது அந்தப் பக்கத்துத் தாத்தாவை, அதாவது சம்பந்தியை. சம்பந்தியிடம் அப்படி என்ன இருக்கிறது? சாப்பிடுவார், படுப்பார், ஒரு கண்ணைத் திறந்து "என்னடா கண்ணுங்களா" என்பார், மறுபடி படுப்பார். அந்த மனுஷரிடம் தோற்றுப்போன எரிச்சல் நம்மவருக்கு இன்னும் அடங்கவில்லை. போதாததற்கு, பிள்ளைகளைச் சாயங்காலம் அழைத்துப் போவதற்கு அவர் மதியமே வந்திறங்கி, கூடத்தில் பாயை விரித்து நீட்டி நிமிர்ந்து கிடந்தார்.

எப்படியாவது இன்றைக்குப் பிள்ளைகள் மனசைப் பிடித்துவிட வேண்டும். நம்மவர் இரண்டு காலுறைகளைச் சுருட்டி ஆளுக்கொரு பந்தாக்கினார். எதிரே ஒரு வாளி. பந்து வாளியில் விழுந்தால் ஒரு பாட்டில் மூடி பரிசு. ஒரு பை நிறைய மூடி சேர்த்து வைத்திருந்தார். நல்ல ஆட்டம்தான், யார் இல்லை என்றது?

"எறியட்டுமா தாத்தா?" என்றாள் பேத்தி.

"இரு இரு, இன்னும் கோடே போடலையே. தம்பி உன்னைவிடக் குள்ளம், அவனுக்குத் தனிக் கோடு." அளவு நாடா வந்தது. "கோட்டை மிதிச்சா ஃபவுல். தலைக்கு மேல கையைத் தூக்கினா ஃபவுல். எறியும்போது சிரிச்சா ஃபவுல்."

"சிரிச்சாக்கூடவா?"

"சிரிச்சா கை ஆடுமில்ல?"

பேரனுக்குப் பொறுக்கவில்லை. விட்டான் ஒரு வீச்சு. பந்து நேரே போய் வாளிக்குள் விழுந்தது. "விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" என்று குதித்தான்.

"செல்லாது. ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல."

பயல் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்க நம்மவருக்கு ஏது நேரம்? பந்துகளைக் கையில் தூக்கிப் பார்த்ததில் ஒன்று கனமாக இருப்பதாகச் சந்தேகம் வந்துவிட்டது. "இதோ வந்துட்டேன்" என்று சமையலறைக்குப் போய், மாவு நிறுக்கும் தராசில் வீட்டிலிருந்த காலுறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க ஆரம்பித்தார்.

"அப்பா, அதுங்க தூக்கிப் போட்டு விளையாடப் போற சாக்ஸை ஏன் தங்கம் மாதிரி நிறுக்கறீங்க?" என்றாள் மகள்.

"உனக்குத் தெரியாதும்மா. எடை வித்தியாசம் இருந்தா நாளைக்கு அதுங்களே என்னைக் கேள்வி கேட்கும்."

கடைசியில் அச்சாக ஒரே எடையில் இரண்டு பந்து கிடைத்தது. வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினால், கூடத்திலிருந்து ஒரே சிரிப்பு.

பிள்ளைகள் சம்பந்தியின் இரண்டு பக்கமும் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவர் வயிற்றின் மேல் பாட்டில் மூடிகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் வைக்கும்போது சரிகிறதோ அவர் அவுட். அவ்வளவுதான் சட்டம். வயிறு குறட்டையோடு ஏறுகிறது, இறங்குகிறது, மூடிக் கோபுரமும் கூடவே ஏறி இறங்குகிறது. செலவு? ஒன்றுமில்லை. தேவையான பொருள்? ஒரு சம்பந்தி.

நம்மவர் இரண்டு கையிலும் இரண்டு பந்தோடு நின்றார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மனுஷருக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிலையிலும் வாய் சும்மா இருந்ததா? "பாப்பா, அந்த வயிறு இடது பக்கம் கொஞ்சம் சரிவா இருக்கு, நீ..."

"ஷ்ஷ்!" என்றார்கள் இருவரும்.

பேரன் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். "தாத்தா, நீங்களும் படுங்க. அக்காவுக்கு அந்த வயிறு, எனக்கு இந்த வயிறு."

பந்துகளை ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார். முதல் மூடி ஏறியது. இரண்டாவது ஏறியது. பேரன் நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை வைத்தான். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது: அந்த வயிறு பெரிது, இந்த வயிறு சின்னது, இது எந்த ஊர் நியாயம்? பல்லைக் கடித்து அடக்கினார். அடக்கிய வேகத்தில் வயிறு குலுங்கி, மூடியெல்லாம் தரையில் உருண்டது.

"தாத்தாதான் அவுட்டு!" என்று பேரன் அவர் மேலேயே விழுந்து சிரித்தான். அவரும் சிரித்தார்.

"ஆடாம படுங்க சம்பந்தி, அடுத்த ஆட்டம் தொடங்கப்போகுது" என்றது பக்கத்துப் பாய்.

"அடப்பாவி மனுஷா! நீங்க தூங்கலையா?"

"தூங்கினா மூடி நிக்குமா?" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி மறுபடி குறட்டையை ஆரம்பித்தார்.

சாயங்காலம் வாசலில் சம்பந்தியின் கையைப் பிடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டே பேரன் தீர்ப்பைச் சொன்னான். "லீவுக்கு இங்கதான் வருவோம். ஆனா இந்தத் தாத்தாவும் வரணும்."

நம்மவருக்கு இது வெற்றியா தோல்வியா? அதை எந்தத் தராசில் ஏற்றுவது என்று தெரியாமல், "வரட்டும், வரட்டும்" என்று சம்பந்தியின் பையை அவரே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு படித்த உங்களை ஒன்று கேட்கிறேன். ஒல்லி வயிற்றுக்காரருக்கு இரண்டு மூடி சலுகை தரலாமே, சரிந்தது கை பட்டா மூச்சு பட்டா என்று பார்க்க நடுவர் வேண்டாமா என்றெல்லாம் நடுவில் எங்கேயாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் சத்தம் போடாமல் எழுந்து பாருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் பக்கத்து அறையில் வேறு யார் வயிற்றிலோ மூடி அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.