தவழ்ற சார்

மரக்காணத்துல ஆரம்பிச்சு கோட்டக்குப்பம் வரைக்கும் எந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில என்ன கிடக்குதுன்னு தெரிஞ்ச மனுஷன் ஒருத்தர்தான். அந்தந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாது. அவருக்குத் தெரியும். ஏன்னா ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலயும் அவர் போய்ப் படுத்துப் பாத்திருக்காரு.

அவர் பேர் நோட்டீஸ்ல கையெழுத்தா மட்டும்தான் இருந்துச்சு. அந்தக் கையெழுத்தைப் படிக்க எங்க தெருவுல யாராலயும் முடியல. அதனால எங்களுக்கு அவர் தவழ்ற சார்.

நான் யாருன்னு சொல்லிடறேன். உப்பளத்துக்கு வேலைக்குப் போற பொம்பளைங்களோட புள்ளைங்களை என் வீட்ல வெச்சுப் பாத்துக்கறேன். பத்து புள்ளைங்க. காலையில ஆறு மணிக்கு விட்டுட்டுப் போனாங்கன்னா, உப்பு வாரி, தலையில சுமந்து கொட்டி, சாக்குல கட்டி முடிச்சுட்டு வர நாலு மணி ஆயிடும். முன்னெல்லாம் புள்ளைங்களையும் கூடவே தூக்கிட்டுப் போயி, மோட்டார் கொட்டாய் நிழல்ல சாக்கை விரிச்சு உக்கார வெச்சுட்டுதான் வேலை பாப்பாங்க. செல்வியோட மூத்தவன் அப்படி உக்கார வெச்ச எடத்துல இருந்து நகர்ந்து போயி உப்புத்தண்ணித் தொட்டியில விழுந்துட்டான். யாரோ பாத்துத் தூக்கினதால பொழைச்சான். மறுநாள் செல்வி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. "அக்கா, இவனை உங்க வீட்ல விட்டுட்டுப் போகட்டுமா?"ன்னா. அப்படி ஆரம்பிச்சதுதான் இது.

நாலு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வந்துச்சு. வீட்ல புள்ளைங்களைப் பாத்துக்கறவங்க எல்லாரும் பதிவு பண்ணணும். சுகாதாரம், பாதுகாப்பு எல்லாத்தையும் ஆபீசர் வந்து பாப்பாரு. மூணு தடவை வருவாரு. மூணாவது தடவையும் குறை இருந்தா மூடிட வேண்டியதுதான். மூடினா பத்து புள்ளைங்களும் திரும்ப அந்தத் தொட்டி பக்கத்துலதான் உக்காரணும்.

"ஆபீசர்னா இன்னா, நாற்காலில உக்காந்து டீ குடிச்சுட்டுப் போவாரு. இதுக்குப் போயி பயப்படறியே" அப்படின்னாங்க கன்னியம்மாக்கா. பக்கத்து வீடு. புள்ளைங்களுக்குச் சமைக்கறது அவங்கதான். சரின்னு நாற்காலியைத் தொடச்சு வெச்சு, டீக்குத் தண்ணியும் வெச்சோம்.

ஸ்கூட்டர்ல வந்தாரு. அம்பது வயசு இருக்கும், கொஞ்சம் தொப்பை, வெள்ளைச் சட்டை. செருப்பை வெளிய விட்டாரு. கையை சோப்புப் போட்டுக் கழுவினாரு. பாக்கெட்ல இருந்த பேனா, மூக்குக் கண்ணாடி, ஸ்கூட்டர் சாவி எல்லாத்தையும் எடுத்து ஃபிரிட்ஜ் மேல வெச்சாரு. பையில இருந்து முட்டிக்குப் போடற ரெண்டு நீ-கேப் எடுத்து பேண்ட்டு மேலயே மாட்டினாரு. தரையில ரெண்டு கையையும் ஊனி என்னை அண்ணாந்து பாத்து, "மேடம், இப்ப எனக்கு எட்டு மாசம்"னாரு.

நான் "சரிங்க சார்"னு சொல்லிட்டேன். எட்டு மாசக் குழந்தைகிட்ட வேற என்ன சொல்றது.

கிளம்பிட்டாரு. சுவரோரமா போயி, திரும்பி, கட்டிலுக்கு அடியில பூந்து, அந்தப் பக்கமா வெளிய வந்தாரு. சுவிட்சு போர்டு ஓட்டையில விரலை வெச்சுப் பாத்தாரு. தரையில கெடந்த பொட்டுக்கடலையை எடுத்து வாயில போட்டாரு. கட்டில் கால்ல பெயிண்ட் உரியுதான்னு நாக்கால தொட்டுப் பாத்தாரு. புள்ளைங்களுக்கு ஒரே குஷி. இது நாள் வரைக்கும் அவங்க உயரத்துக்கு எறங்கி வந்த பெரிய மனுஷன் யாரும் கெடையாதே. ரெண்டு பேர் முதுகுல ஏறிட்டாங்க. அவர் அப்படியே சுமந்துக்கிட்டுத் தவழ்ந்தாரு.

அந்த நேரம் பாத்து கன்னியம்மாக்கா டீயோட வந்தாங்க. ஆபீசர் குப்புறக் கெடக்குறாரு, நாக்கு வெளிய, வாயோரம் எச்சில். "ஐயோ, சாருக்கு வலிப்பு!"ன்னு கத்திட்டு, டீயைத் தரையில வெச்சுட்டு, இடுப்புல இருந்த சாவிக்கொத்தை உருவி அவர் உள்ளங்கையில திணிச்சு விரலை மூடிப் பிடிச்சுக்கிட்டாங்க. எட்டு மாசம் ஆனதால சாராலயும் பேச முடியல. எட்டு மாசக் குழந்தை கையில சாவியைக் குடுத்தா என்ன பண்ணும்? வாயில வெச்சுக்கிச்சு.

"சாவி கொடுத்தும் நிக்கலியே! ஏய், ஆட்டோவைக் கூப்புடுடி!"

"அக்கா, அவர் நல்லாதான் இருக்காரு. ஆய்வு பண்றாரு."

"இதுவா ஆய்வு?" அப்படின்னு கேட்டுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு மூஞ்சியில ஒரு சொம்புத் தண்ணியை அடிச்சாங்க.

பத்து மணிக்கு சார் எழுந்து நின்னு, கர்ச்சீப்பால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு, "இப்ப எனக்கு மூணு வயசு"ன்னு சொல்லிட்டு பிளாஸ்டிக் நாற்காலி மேல ஏறினாரு. நாற்காலி நாலு காலையும் விரிச்சுடுச்சு. பரிசோதனை அறிக்கையில எழுதினதை அப்படியே தர்றேன். 'நாற்காலி குழந்தையின் எடையைத் தாங்கவில்லை. சூடான தேநீர் தரையில் வைக்கப்பட்டது. சாவிக்கொத்து குழந்தையின் கைக்குக் கிடைத்தது. கொடுத்தவர்: சமையல் உதவியாளர்.'

"எந்தக் குழந்தை சார் எண்பத்தஞ்சு கிலோ இருக்கும்?"னு கேட்டேன்.

"மேடம், அதுக்கு வளர்ச்சி அட்டைன்னு தனியா ஒரு கட்டம் இருக்குது"ன்னாரு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஊரெல்லாம் விசாரிச்சேன். பெரிய முதலியார்சாவடியில ஒரு வீட்ல நாய் இவரைப் பாத்துட்டு, நமக்குப் போட்டியா எவனோ வந்துட்டான்னு சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துச்சாம். குயிலாப்பாளையத்துல புள்ளைங்களைப் பாத்துக்கற ஒரு வெள்ளைக்காரம்மா, இது நல்லா இருக்குதேன்னு அவங்களும் கூடவே தவழ்ந்தாங்களாம். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் வீட்டைச் சுத்தி வந்திருக்காங்க. அந்தம்மாவுக்குப் பதிவு ஆயிடுச்சு. எனக்கு மட்டும் இருபத்தி மூணு குறை.

ஆனா ஒண்ணைச் சொல்லாம விட்டா எனக்குப் பாவம் சுத்தும். அந்த முதல் நாள், கிளம்பறதுக்கு முன்னாடி பீரோவுக்குப் பின்னாடி கையை விட்டாரு. வெளிய எடுத்தப்ப கையில ரோஸ் கலர்ல ஒரு கட்டி. எலி மருந்துக் கேக்கு. என் வீட்டுக்காரர் எப்பவோ வெச்சது. எனக்குத் தெரியவே தெரியாது. பாக்கறதுக்கு பர்பி மாதிரியே இருந்துச்சு. சார் எழுந்து நின்னாரு. எட்டு மாசமும் போச்சு, மூணு வயசும் போச்சு. "மேடம், நின்னுக்கிட்டு பாத்தா இது தெரியாது"ன்னு மெதுவாச் சொன்னாரு. திட்டல. திட்டியிருந்தா தேவலாம். நாலு வருஷமா பத்து புள்ளைங்க அந்த பீரோகிட்டதான் ஒளிஞ்சு விளையாடுதுங்க.

அந்த ஞாயித்துக்கிழமை நானும் கன்னியம்மாக்காவும் கதவைச் சாத்திக்கிட்டு வீடு பூராத் தவழ்ந்தோம். "இந்த வயசுல என்னை இந்தக் கோலம் பண்ணிட்டான் பாவி"ன்னு அக்கா திட்டிக்கிட்டே ரெண்டு ஊசி, ஒரு பேட்டரி, அவங்களோட காணாமப் போன மூக்குத்தித் திருகாணி எல்லாத்தையும் பொறுக்கினாங்க. திருகாணி கெடைச்சதும் திட்டறதை நிறுத்திட்டாங்க.

ரெண்டாவது தடவை வந்தப்ப நாலே குறை. அதுல நாலாவதுதான் எனக்குப் புரியல. 'பராமரிப்பாளர் குழந்தையைச் சார் என்று அழைக்கிறார். குழந்தையிடம் பயப்படுகிறார்.'

"வேற எப்படிங்க சார் கூப்புடறது?"

"மத்த புள்ளைங்களை எப்படிக் கூப்புடறீங்களோ அப்படித்தான்"னாரு. சொல்றது சுலபம். கவர்மெண்ட் ஆபீசரைப் போயி வாடா போடான்னு சொல்ல எனக்கு நாக்கு வளைஞ்சாதானே.

மூணாவது ஆய்வு. கடைசி. பதிவு பண்றதுக்கும் அன்னிக்குதான் கடைசி நாள். சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள சாரோட போன்ல இருக்கற ஆப்புல அறிக்கையை ஏத்தணும், அஞ்சு மணி ஆச்சுன்னா அது தானா மூடிக்கும்.

அன்னிக்கு எங்கிட்ட ஒரு புதுப் புள்ளை. மோனிஷா, செல்வியோட சின்னவ, ரெண்டு வயசு, பள்ளிக்கூடம் போயிட்ட அண்ணன் எடத்துக்கு வந்தவ. வந்து ரெண்டு வாரம் ஆகுது, ஒரு நாள்கூட என் வீட்ல கண்ணை மூடினதில்ல. மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க, அவ மட்டும் வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு உப்பளத்துப் பக்கமாவே பாத்து அழுவா. தொண்டை கட்டிப் போயி சாயந்திரம் பேச்சே வராது. செல்வி பத்து நாள் பாத்துட்டு, "இவளை நான் கூடவே தூக்கிட்டுப் போயிடறேங்க்கா"ன்னுட்டா. எந்தத் தொட்டிகிட்டன்னு எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்னு கெஞ்சி வெச்சிருந்தேன்.

சார் ரெண்டு வயசுல ஆரம்பிச்சாரு. மூணு மணி நேரம் தேடினாரு. ஒண்ணும் கெடைக்கல. நடுக் கூடத்துல உக்காந்துக்கிட்டு, ஏமாந்து போன மாதிரி சுத்திச் சுத்திப் பாத்தாரு. கடைசியில, சண்டை வந்தா நான் என்ன பண்றேன்னு பாக்கறதுக்கோ என்னவோ, மோனிஷா கையில இருந்த துணி பொம்மையைப் புடுங்கினாரு. அவ ஒரு நிமிஷம் அவரைப் பாத்தா. அப்புறம் முழங்கைக்குக் கீழ புடிச்சுக் கடிச்சா பாருங்க, சார் வீல்னு கத்திட்டாரு.

"டேய்! அவ பொம்மையை ஏன்டா புடுங்கினே? குடு அதை! நீ இன்னாடி கடிக்கற, பேயி! ரெண்டு பேரும் இங்க வாங்க!"

சொல்லி முடிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அடுப்படியில கன்னியம்மாக்கா கையில இருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டுச்சு. சார் பொம்மையைக் குடுத்துட்டு, என் முன்னாடி வந்து கையை நீட்டினாரு. இனிமே பின்வாங்கி என்ன ஆகப் போவுதுன்னு, கழுவி மருந்து போட்டு, "ஒண்ணும் இல்ல, சரியாப் போயிடும்"னேன். அதுக்கப்புறம் வரிசையா உக்கார வெச்சு சாம்பார் சோறு உருட்டி ஆளுக்கொரு வாய் ஊட்டினேன். பதினோரு வாய். பதினோராவது வாய் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாயை விரிச்சுப் படுக்க வெச்சேன். சாரும் ஒரு ஓரமாப் படுத்தாரு. நான் வரிசையா முதுகைத் தட்டிக்கிட்டே போனேன், பழக்க தோஷம், அவர் முதுகையும் தட்டிட்டேன். அடுத்த சுத்து வர்றதுக்குள்ள மனுஷன் தூங்கிட்டாரு. நடிப்பு இல்ல. சின்னதா குறட்டை வந்துச்சு. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மோனிஷா அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினா. மெதுவா வந்து, தான் கடிச்ச எடத்தைத் தொட்டுப் பாத்தா. அவர் ஆள்காட்டி விரலைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல படுத்தா. கொஞ்ச நேரத்துல அவளும் தூங்கிட்டா.

மூணு மணிக்கு கன்னியம்மாக்கா வந்து, "எழுப்புடி, ஆப்பு மூடிக்கப் போவுது"ன்னாங்க. மூணரைக்கு வந்தாங்க. "உனக்குப் பைத்தியமா? இவரு தூங்கற தூக்கத்துல பத்து புள்ளைங்க பொழைப்பு போவுதுடி!" எனக்குத் தெரியாதா? கடிகாரத்தையே பாத்துக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். ரெண்டு தடவை அவர் தோளை உலுக்கக் கையைக் கொண்டு போனேன். ஆனா விரல் அவ கையில இருக்குது. அவரை அசைச்சா அவ முழிச்சுக்குவா. ரெண்டு வாரமா அழுத புள்ளை, முதல் தடவையா என் வீட்டை நம்பிக் கண்ணை மூடியிருக்கா. அதை எழுப்பித்தான் எனக்குப் பதிவு வேணும்னா, அந்தப் பதிவை வாங்கி நான் என்னத்தைப் பண்றது?

நாலு மணிக்கு உப்பு காஞ்ச காலோட செல்வி வந்தா. வாசல்லயே நின்னுட்டா. உள்ள வரல, கூப்பிடல. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு மகளையே பாத்துக்கிட்டு நின்னா. முக்கால் மணி நேரத்துக்கு மேல அப்படியே நின்னா.

மோனிஷா தானா எழுந்தப்ப நாலு அம்பது. சாரும் எழுந்தாரு. கடிகாரத்தைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"ஏன் என்னை எழுப்பல?"

"தூங்கற புள்ளையை எப்படிங்க எழுப்பறது?"

அவர் போனை எடுத்தாரு. எங்க வீட்ல மாடித் தண்ணி டேங்க் மேலதான் டவர் எடுக்கும். அன்னிக்கு வரைக்கும் அவர் நடந்துகூட நான் அதிகம் பாத்ததில்ல. ரெண்டு ரெண்டு படியா ஓடினாரு. கீழ நாங்க மூணு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னோம். அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப டேங்க் மேல இருந்து கையைத் தூக்கிக் காட்டினாரு.

செல்வி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கன்னியம்மாக்கா ஓன்னு அழுதுட்டு, அழுததுக்காக என்னையே திட்டினாங்க.

சான்றிதழ் பத்து நாள்ல வந்துச்சு. கூடவே அறிக்கையும். குறைகள்ங்கற எடத்துல 'இல்லை'. அதுக்குக் கீழ, மத்த விவரம்ங்கற கட்டத்துல அவர் எழுதியிருந்தாரு: 'குழந்தைகள் அச்சமின்றி உறங்குகின்றனர். ஆய்வு அலுவலரும் உறங்கினார்.'

கொஞ்ச நாள்ல அவருக்கு மாற்றல் ஆயிடுச்சு. தெற்குப் பக்கம் எங்கியோன்னு சொன்னாங்க, சரியாத் தெரியல. இதைப் படிக்கற யார் வீட்டுக்காவது அவர் வந்தாருன்னா பயப்படாதீங்க. மத்தியானம் ரெண்டு வாய் சோறு ஊட்டி, முதுகைத் தட்டித் தூங்க வெச்சுடுங்க. நல்ல புள்ளை அது.