பரிசத்துக்கு முன் விற்க வேண்டிய டிரெய்லர்

அன்று காலை பரவையில் நல்லகாமன் வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நல்லகாமன், அவர் மனைவி ஒச்சாயி, மகள் தமிழ்ச்செல்வி, வண்டியூரிலிருந்து டிரெய்லர் பார்க்க வந்த வியாபாரி சோணைமுத்து, அவருடைய டிராக்டரை ஓட்டிவந்த பேயாண்டி. வேறு யாரும் இல்லை. நானும் இருந்தேன் என்று பிறகு சொல்லித் திரிந்தவர்கள் அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள்.

டிரெய்லர் வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. மகன் சூரியபிரகாஷ் சின்ன பொக்லைன் ஒன்றை வாடகைக்கு விட்ட காலத்தில் வாங்கியது. தளத்தைப் பூட்டி வைத்திருக்கும் கொண்டியை எடுத்தால் தளம் பின்பக்கமாகச் சாய்ந்து தரையைத் தொடும். பொக்லைன் தானே ஏறிக்கொள்ளும். பொக்லைனை விற்றுவிட்டு மகன் ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டான். இப்போது ஆடுகள் மட்டும் ஏறி இறங்கின.

வெள்ளிக்கிழமை தமிழ்ச்செல்விக்குப் பரிசம் போடக் காளவாசலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பந்தல் போட இந்த வாசல்தான் உண்டு. இன்று செவ்வாய்.

சோணைமுத்து டயரை உதைத்தார். தளத்தைத் தட்டினார். வானத்தைப் பார்த்தார்.

"தொண்ணூறாயிரம் தாரேண்ணே."

"ரெண்டு லட்சம் போட்டு எடுத்தது, தெரியும்ல?"

"எடுக்கையில ரெண்டு லட்சந்தேன். இப்ப இத எவன் கேக்குறான்? பெரிய பொக்லைனு அது டயர்லயே ஓடிப் போயிருது. அறுப்பு மிசினு லாரியில வந்திருது. நெல்லு மூட்டைய ஏத்தலாம்னா, பின்னாடி ரெண்டு மூட்டை கூடுனா மொத்தத்தையும் கொட்டிவிட்டுருது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுபோக, அண்ணே கொஞ்சம் நொடிச்சுட்டாருன்னு வெளியில பேசிக்கிறாங்க. நான் நம்பல."

நல்லகாமனின் முதுகு நிமிர்ந்தது. பரிசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது இந்தப் பேச்சு காளவாசலை எட்டினால் சம்பந்தம் நிற்குமா?

"நொடிச்சா விக்கிறேன்? இது எனக்குப் பத்தல. பெருசா ஒண்ணு எடுக்கப்போறேன்."

"அப்படிச் சொல்லுங்க. எங்கிட்ட இதே மாதிரி இருபதடியில ஒண்ணு கெடக்கே."

மதியத்துக்குள் பேயாண்டி அதை இழுத்துவந்து நிறுத்தினார். இரண்டேகால் லட்சம். கொண்டி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விறகுக்கட்டை செருகியிருந்தது. நல்லகாமன் அதைப் பற்றிக் கேட்கவில்லை, பேரமும் பேசவில்லை. நொடித்தவன்தான் பேரம் பேசுவான்.

"அப்ப பழச இழுத்துட்டுப் போங்க" என்றாள் ஒச்சாயி.

"போலாம் மதினி. ஆனா ரொக்கத்துக்கு வழியில்லாம பழசக் குடுத்துக் கழிச்சாருன்னு பேசுவாங்க. எனக்கென்ன, உங்க பேருக்குத்தேன் பாக்குறேன்."

"அது இங்கயே நிக்கட்டும்" என்றார் நல்லகாமன்.

ஒச்சாயியின் ரெட்டைவடச் சங்கிலி அன்று மாலையே காளவாசல் அடகுக்கடைக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமலிருக்க, ஆட்டோவைக் கடையின் பின்பக்கச் சந்தில் நிறுத்தச் சொன்னார் நல்லகாமன்.

புதன்கிழமை விருமாண்டி என்று ஒருவர் வந்தார். முன்பின் பழக்கமில்லை.

"ரெண்டு டிரெய்லரு சும்மா நிக்குது. நொடிச்சுப்போயி விக்கிறதுக்குக் குமிச்சு வச்சிருக்கீங்கன்னு சொல்றாங்களேண்ணே."

"யாரு சொன்னது? வாடகைக்கு விட கம்பெனி ஆரம்பிக்கிறேன்."

"ரெண்ட வச்சா கம்பெனி நடத்துவாக?"

விருமாண்டி விற்ற மூன்றாவது டிரெய்லர் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு சக்கரம் இல்லை. மகள் அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"அப்பா, நம்ம பேரக் காப்பாத்த இன்னும் எத்தன டிரெய்லருப்பா வேணும்?"

"வாயப் பொத்து. கல்யாணம் ஒனக்குத்தேன்."

வெள்ளிக்கிழமை பந்தல்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். "கம்பு ஊன ஒரு சாண் எடமில்லையே. நான் வாரேன்" என்று போய்விட்டார்.

"இப்ப ஆளுகள எங்கிட்டு உக்கார வைக்கிறது?" என்றாள் ஒச்சாயி.

"இருபதடி மேடை இந்தா நிக்குது. ஜமுக்காளத்த விரி."

மேடை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் முத்துக்கருப்பன் தம் ஆட்கள் எட்டுப் பேரோடு ஏறி நடுவில் அமர்ந்தார். வெயில் ஏற ஏற எல்லோரும் நிழல் தேடிப் பின்பக்கமாக நகர்ந்தார்கள். விறகுக்கட்டை முறியும் சத்தம் கேட்டது. தளம் தன் வேலையைச் செய்தது. ஒன்பது பேரும் தாம்பூலத் தட்டும் பரிசப் புடவையும் வாழைத்தாரும் ஒரே ஜமுக்காளத்தில், வரிசை குலையாமல், வழுக்கித் தரைக்கு வந்து சேர்ந்தனர்.

யாருக்கும் அடியில்லை. முத்துக்கருப்பன் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"சம்பந்தி, உங்களப் பத்தி ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது. நேர்ல கேட்டுருவோம்னுதேன் வந்தேன்."

நல்லகாமன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் நொடிச்சுப் போயிட்டேன்னுதான? சுத்தப் பொய். மூணு டிரெய்லரு நிக்குது, கண்ணால பாக்குறீகள்ல?"

அந்த நேரம் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. பின்னால் தளம் துருப்பிடித்த நான்காவது டிரெய்லர். பேயாண்டி இறங்கி, கூட்டத்தைப் பார்த்து மரியாதையாகத் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"அப்படி ஒரு பேச்சே ஊருல இல்லைங்கய்யா. 'நொடிச்சுட்டீகளாமே'ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், பரவையில ஒருத்தரு எந்த ஓட்ட டிரெய்லரையும் சொன்ன வெலைக்கு வாங்கிக்கிருவாருன்னுதேன் பேச்சு."