மோர் அண்டாவும் மூன்றாம் டானும்

கட்டிய புருஷனை நூறு பேர் பார்க்க உதைத்தவள் நான். ஒத்துக்கொள்கிறேன். (வேண்டுமென்று இல்லை. ஆனால் சுத்தமான உதை, அதில் சந்தேகமே வேண்டாம்.)

நானும் முனிரத்தினமும் பழகியதே திருப்பதியில் ஒரு டேக்வாண்டோ வகுப்பில்தான். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், அவர் ஏ.சி. மெக்கானிக். ஒன்றாகக் கறுப்பு பெல்ட் வாங்கினோம். கல்யாணம் செய்துகொண்டோம். கறுப்பு பெல்ட்டின் அடுத்த படியான இரண்டாம் டானும் ஒன்றாகவே வாங்கினோம். மூன்றாம் டானுக்குத் தயாராகும்போது அவருக்குக் குவைத் விசா வந்துவிட்டது. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார். எங்கள் தெருவுக்கு இவர்.

"லீவுல வந்து ஒண்ணாவே டெஸ்ட் குடுக்கலாம் கஸ்தூரி. நான் அங்க பிராக்டீஸ் பண்ணிக்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருடம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வரும். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் மனசில் அடுக்கிக்கொண்டு போவேன். பூத்துக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கிறீங்களா? உதை எப்படி வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். (பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்.)

குவைத்திலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் இவர் ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். அதில் அவர் குரலில் கொரிய எண்கள்: "ஹனா, துல், செத்..." பூம்சே என்று ஒன்று உண்டு, எதிரில் ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு வரிசையாகச் செய்யும் தடுப்பும் குத்தும் உதையும். தினமும் காலையில் மொட்டை மாடியில் டேப் ரெக்கார்டரை வைத்து, அவர் எண்ண எண்ண நான் செய்வேன். இடது பக்கம் அவருக்கு இடம் விட்டுத்தான் நிற்பேன். எண்ணிக்கைக்கு நடுவே யாரோ குறட்டை விடுவதும், யாரோ திட்டுவதும் கேட்கும். பக்கத்து அறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். 'ரூம் ஹால் மாதிரி பெரிசு' என்று கடிதத்தில் எழுதியிருந்தாரே!

டெஸ்டுக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தார். இளைத்திருந்தார். பெட்டியை இறக்கி வைத்ததும், "ஒருவாட்டி சேந்து செஞ்சி பாத்துக்கலாமா?" என்றார்.

"நமக்கா? ரெண்டு வருசமா ஒரே எண்ணிக்கைல செஞ்சிக்கினு கீறோம். இன்னாத்துக்கு ரிகர்சல்? உக்காந்து துன்னுங்க" என்றேன்.

(திமிர். ஆனால் திமிர் மட்டும் இல்லை. அவரை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.)

திருச்சானூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் டெஸ்ட். மணமக்கள் உட்காரும் வெல்வெட் நாற்காலியில் தேர்வாளர். இடது ஓரத்தில் மதியச் சாப்பாட்டுக்கான மோர் அண்டா. முன்வரிசையில், பாலசமுத்திரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த என் நைனா.

ஜோடியாகச் செய்து காட்ட வேண்டும். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். தொடக்கமே இடது பக்கம் திரும்பி, எட்டு வைத்து, பக்கவாட்டு உதை. நான் மொட்டை மாடி அளவுக்குத் தாராளமாகக் காலை வைத்தேன். எனக்கு முன்னால் போயிருக்க வேண்டிய மனிதர் ஒரு முழம்கூட நகரவில்லை. என் குதிகால் அவர் பின்புறத்தில் முழுசாக இறங்கியது. மனிதர் பறந்து போய் மோர் அண்டாவைக் கட்டிப்பிடித்தார். இருவரும் சேர்ந்தே சாய்ந்தார்கள்.

முன்வரிசைச் செருப்புகள் மோரில் மிதந்தன. அவர் காதில் ஒரு கறிவேப்பிலை.

"அடிப்பாவி! ரெண்டு வருசம் கழிச்சி வந்த மாப்பிள்ளைய இப்டித்தான் கவனிப்பியா?" என்று நைனா எழுந்துவிட்டார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏமம்மா, இன்ட்லோ கூடா இந்தேனா?" வீட்டிலும் இப்படித்தானா என்று அவர் தெலுங்கில் கேட்டதும் மண்டபமே சிரித்தது. பிறகு தனித்தனியாகச் செய்யச் சொன்னார்.

நான் முடித்து வந்து நின்றேன். அவர், மோர் சொட்டச் சொட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு எட்டும் பாதி எட்டு. வலது பக்கம் உதைக்கும்போது முழங்கால் நீளவே இல்லை, அங்கே ஏதோ இருப்பதுபோல. ஓரிடத்தில் திரும்பும்போது தலையைக் குனிந்துகொண்டார். பூம்சேயில் குனிவதே கிடையாது. ஓங்கிக் கத்த வேண்டிய இடத்தில் வாயை மட்டும் திறந்து மூடினார், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. மொத்தமும் ஒரு கோரைப்பாய் அளவுக்குள் முடிந்துவிட்டது.

நான் பாஸ். அவர் இல்லை.

ஷேர் ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "ரூம்ல எத்தினி பேரு?"

"எட்டு."

"ஹால் மாதிரினு எழுதினீங்களே?"

"ரெண்டு அடுக்குக் கட்டிலு. நடுவுல இவ்ளோதான் எடம்" என்று கையை விரித்துக் காட்டினார். கை முழுசாக விரியவில்லை. "நீ ரூம சின்னதா நெனச்சிக்கினா உனக்கும் ஸ்டெப்பு சுருங்கிடும் இல்ல?"

எதிரில் இருந்த அம்மாள் மோர் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். (அந்தக் காலத்து ஷேர் ஆட்டோவில் அது உதையைவிடப் பெரிய விஷயம்.)

மீதி லீவு முழுக்க மொட்டை மாடியில் "நீட்டுங்க, இன்னும் நீட்டுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். கால் நீள ஆரம்பித்தபோது லீவு முடிந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து ஊரோடு வந்த பிறகுதான் அவர் மூன்றாம் டான் வாங்கினார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எது அளவு குறைந்தாலும் அதற்குப் பெயர் 'குவைத் ஸ்டெப்பு'. தோசை சின்னதாக இருந்தாலும் அப்படித்தான், ரவிக்கைத் துணி போதாவிட்டாலும் அப்படித்தான்.

எங்கள் பெண் போன வருடம் வேலைக்காக அயர்லாந்து போனாள். வீடியோ காலில், "ரூம் நல்லா பெருசு நைனா" என்றாள்.

இவர் நம்பவில்லை. "வாயால சொல்லாத. போன அந்தாண்ட வெச்சிட்டு ஒரு உதை வுடு, பாக்கலாம்."

அவள் சிரித்துக்கொண்டே நான்கு எட்டு நடந்து உதைத்தாள். கால் முழுசாக நீண்டது. கட்டிலில், சுவரில், எதிலும் இடிக்கவில்லை.

அப்புறம்தான் இவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"செரி, இப்ப சொல்லு. அங்க குளிரு எப்டிக்கீது?"