நூலில் காய்த்த கமலா

நாற்பத்தொன்றாவது பழத்தைக் கட்டும்போது ஃபவுஸ்தோவுக்கு நூல் தீர்ந்துவிட்டது. கீழே பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது.

"தர்ஹேலியா! நூல்! இன்னொரு உருண்டை!" என்று ஏணி மேலிருந்து கத்தினான்.

"இருந்த நூலெல்லாம் உன் பழத்துலதான் தொங்குது. முதல்ல இறங்கித் தொலை, வந்துட்டாங்க!" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை பெய்த ஆலங்கட்டி மழை, பத்தாத்தே ஊரில் அவர்கள் தோட்டத்துக் கமலாப்பழம் அத்தனையையும் உதிர்த்துக் கூழாக்கியிருந்தது. மறுநாளே ஒரு பெண் தொலைபேசியில், "ஆலங்கட்டிக்கு அப்புறமும் மரத்துல பழம் இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "குலுங்குது, வாங்க" என்று சொல்லிவிட்டாள் தர்ஹேலியா. வேறு என்ன சொல்வாள்? 'நீங்களே பறிக்கலாம்' என்று பலகை வைத்து மூன்று மாதம் ஆகியும் இப்போதுதான் முதல் குடும்பம் வரப்போகிறது. இதுவும் கைவிட்டால் மச்சான் கடையில் மூட்டை தூக்கத் தலைநகர் க்விட்டோவுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அதனால்தான் ஃபவுஸ்தோ விடிந்ததும் அம்பாத்தோ சந்தைக்கு ஓடி இரண்டு பெட்டி பழம் வாங்கி வந்திருந்தான்.

வண்டியிலிருந்து எர்மெலிந்தா என்ற தாட்டியான அம்மாளும், கையில் நோட்டோடு அவள் மகள் யதிராவும் இறங்கினார்கள். ஓட்டி வந்த கணவர் இறங்கவில்லை.

எர்மெலிந்தா முதல் பழத்தைப் பிடித்து இழுத்தாள். பழத்தோடு ஒரு முழம் பச்சை நூலும் வந்தது.

"இது என்னங்க?"

"காத்துக்கும்மா. எங்க பக்கம் காத்து ஜாஸ்தி. பிஞ்சுலயே கட்டிடுவோம்."

"ஒவ்வொண்ணையுமா?"

"ஒவ்வொண்ணையும்."

யதிரா நோட்டில் ஏதோ எழுதினாள். ஃபவுஸ்தோ நோட்டை எட்டிப் பார்த்தான். விவசாய ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்களோ? அவசரமாக அடுத்த வரிசைக்கு அழைத்துப் போனான். அங்கே யதிரா ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பெரு நாட்டு விளைச்சல்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே?"

"கன்னு அங்கேருந்து வந்தது பாப்பா."

"அதுக்குப் பழத்துலயா ஒட்டுவாங்க?"

"மரத்துக்கு ஞாபகம் இருக்கணும்ல?"

அதையும் அவள் எழுதிக்கொண்டாள். அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேலி ஓரம் அழைத்துப் போனான். அது இன்னும் மோசம்.

"இது அவகாடோ மரமில்லையா? கமலா தொங்குது?" என்றாள் எர்மெலிந்தா.

ஃபவுஸ்தோ மனைவியைப் பார்த்தான். அந்த வரிசையைக் கட்டியவள் வானத்தைப் பார்த்தாள்.

"ஒட்டுக்கட்டினதும்மா. நீங்க சிரமப்படாதீங்க, நானே பறிச்சுத் தரேன்!"

பதற்றத்தில் எட்டி இழுத்தான். கிளை முறிந்தது. நூலை மிச்சம் பிடிக்கத் தர்ஹேலியா ஒரே இழையில் கட்டியிருந்த பத்துப் பழமும் சரசரவென்று இறங்கி மாலையாக அவன் கழுத்தில் விழுந்தன.

எர்மெலிந்தாவின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கிட்டே வந்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள்.

"பத்து, ஒரே நூல்ல. எழுதிக்கோடி" என்றாள் மகளிடம்.

தர்ஹேலியாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஏம்மா, நீங்க எந்த ஆபீஸ்? சொல்லித் தொலைங்க. எங்க மனுஷன் இங்கேயே விழுந்துடுவான் போலிருக்கு."

எர்மெலிந்தா வண்டிப் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். அதுவரை இறங்காத கணவர் இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றி, மாலையும் கழுத்துமாக நின்ற ஃபவுஸ்தோவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தோட்டக்காரங்கதான் ஐயா நாங்களும், மலைக்கு அந்தாண்ட. எங்களுக்கும் ஒரு காய் மிஞ்சல. நாளைக்கு இருபது பேர் பறிக்க வர்றாங்க. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வந்து கட்டிக் குடுப்பீங்களா?"